வடிகாலுக்கு ஆயக்கட்டு உண்டா?

காவிரியைப் பாடிய புலவர் பலர். வடிகாலைப் பாடியவரைக் காண்டல் அரிது. மேட்டூர் அணை திறக்கப்பெறும் ஜூன் 12 நமக்கு விழா நாள். கார்த்திகை மழையில் வயல்நீர் வடிந்து கடல் சேர்ந்ததா என்பதை நினைத்துப் பார்ப்பாரில்லை. வருகின்ற நீருக்குத் தரும் மதிப்பை வடிகின்ற நீருக்குத் தாராமையே தரங்கம்பாடி வட்டாரத்தின் நோய் என்பது என் துணிபு.

வீரசோழனும் நண்டலாறும் கடலைத் தேடி வரும் கடைமடை இது. நிலச்சரிவோ மிகக் குறைவு. வாடைக்காற்றில் கடல் பொங்கி, முகத்துவாரத்தை மணல் மூடினால் நீர் திரும்பி ஊருக்குள்தான் வரும். 2022 நவம்பர் 11, 12 தேதிகளுக்கிடையே ஒரே நாளில் சீர்காழியில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை கொட்டியது. சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய இரு வட்டங்களிலும் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் வீதம் 16 கோடி ரூபாய்க்கு மேல் அரசு நிவாரணம் வழங்கியது. அவ்வாண்டு டெல்டா மாவட்டங்களில் 4,964 கி.மீ. நீர்வழிகளைத் தூர்வார ஒதுக்கிய தொகையோ 80 கோடி. டெல்டா முழுமைக்கும் தூர்வாரும் செலவில் ஐந்தில் ஒரு பங்கை, இரண்டே வட்டங்களின் ஒரு மழை கொண்டு போயிற்று! துடைப்பதற்குப் பணம் உண்டு, தடுப்பதற்கு இல்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் ஏரி வாரியம் அமைத்த செய்தியைக் கூறுகின்றன. குடிமராமத்து என்னும் ஊர்ப்பணி பின்னர் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய உழைப்பாயிற்று. 2017இல், பயன்பெறும் விவசாயிகள் செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரும் முறையில் மீண்டும் தொடங்கப்பெற்றது. நல்ல திட்டமே. ஆயினும், பாசன வாய்க்காலுக்கு ஆயக்கட்டுதாரர் உளர். வடிகாலுக்கு யார் உளர்? நீர் பாயாவிடில் கேட்பதற்கு ஆள் உண்டு. நீர் வடியாவிடில், தாழ்நிலத்தில் குடிசை போட்டவன் மட்டுமே கேட்கிறான். அவன் குரல் அலுவலகம் வரை எட்டுவதில்லை.

இங்கே ஒரு கணக்கு. அரையடி வரப்புள்ள ஓர் ஏக்கர் வயல், ஏறத்தாழ ஆறு லட்சம் லிட்டர் மழைநீரைத் தாங்கி நிற்கும். அதில் மண்ணடித்து மேடாக்கி மனை பிரித்தால், அவ்வளவு நீரும் அண்டை நிலத்துக்குப் போகும். கன்னி வாய்க்காலையும் சேர்த்துத் தூர்த்துவிட்டால் சொல்ல வேண்டுவதில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளால் இவ்வாறு எழுந்த வீடுகளுள் நம் சமுதாயத்தார் வீடுகளும் உண்டு. பெரியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டா. அண்டை வீட்டாரின் உரிமையை மிம்பர்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் வாசல் உலர்ந்திருப்பதற்காகக் கீழத்தெருக்காரன் அடுப்பு நனைவது அவ்வுரிமைக்குள் அடங்காதா?

நாகப்பட்டினத்தை ஒரு காலத்தில் ஆண்ட டச்சுக்காரரின் தாயகத்தைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம் அங்கே மிகுதி. ரைன்லாண்ட் நீர் வாரியம் 1255 முதலே ஆவணங்களில் காணப்படுகிறது. இன்றும் அந்நாட்டு நீர் வாரியங்கள் உழவரிடம் மட்டுமன்றி வீட்டுக்காரரிடமும் தனிவரி பெறுகின்றன. உறுப்பினரைத் தேர்தலில் தேர்கின்றன. பணம் தருகிறவனுக்குப் பேசும் உரிமையும் உண்டு.

நமக்கும் அத்தகைய வடிகால் தீர்வை ஒன்று வேண்டும். அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்து, கட்டணமும் வசூலிக்கப்பெற்றது. மனைக்கு ஒருமுறை பெறும் அத்தகைய கட்டணத்தில் ஒரு பங்கு அம்மனையின் நீர் செல்லும் வடிகாலுக்கே போக வேண்டும். தீர்வையின் பெரும்பங்கை மனை பிரித்து விற்பவர் ஏற்க வேண்டும். மாடிவீட்டார் பரப்பளவுக்கேற்பத் தரலாம். வயலை வயலாகவே வைத்திருக்கும் உழவரிடமும், தாழ்நிலத்துக் குடிசைவாசியிடமும் ஒரு காசும் கேட்கலாகாது. அவர்கள் நம் நீரைச் சுமந்து முன்பே செலுத்திவிட்டவர்கள்.

'வரிமேல் வரியா? வாங்கிய பணம் வடிகாலுக்குத்தான் போகுமா?' என்பார்கள். நியாயமான ஐயம். ஆதலின் அப்பணம் பொதுக் கணக்கில் கலவாமல், வடிகால்வாரியாகத் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். அதை நடத்தும் குழுவில் கடைமடை உழவரும் கீழத்தெருப் பெண்களும் இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எத்தனை அடி தூர்வாரப்பட்டது என்னும் கணக்கைப் புரட்டாசிக்குள் ரேஷன் கடையிலும், கோயில் வாசலிலும், பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டிவிடலாம்.