எழுதியவர்: வீரமணி ஐயர்

இந்த இதழிலிருந்து ஒரு வழக்கத்தைத் தொடங்குகிறோம். அரங்கேற்றம், கோயில் இசைவிழா, பாடசாலைக் கலைவிழா என்று எதைப் பற்றி நம் பக்கங்களில் எழுதினாலும் ஆடியவர், பாடியவர், பக்கவாத்தியக்காரர் பெயர்களோடு பாட்டை இயற்றியவரின் பெயரையும் போடுவோம். அந்தப் பெயர் இல்லாமல் வரும் குறிப்பை, விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். பிரதம விருந்தினரின் பட்டம் பதவிகள் நான்கு வரியில் அச்சாகும் அழைப்பிதழ்களில் சாகித்தியகர்த்தாவுக்கு இடமில்லாமல் போவது நெடுங்காலமாக எங்களை வருத்தி வருகிறது. இணுவிலில் இருந்து வரும் ஓர் இதழ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தமிழர் வாழும் இடமெல்லாம் பாடப்பட்டு, எழுதியவர் பெயர் மட்டும் உதிர்ந்துபோன பாட்டு ஒன்று இந்த ஊரவர் எழுதியது.

மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மீது ரி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’யைத்தான் சொல்கிறோம். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கும். நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் சிறுபிள்ளைகள் பாடுவார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதற்கு ஆடுகிறார்கள். யார் பாட்டு என்று தமிழ்நாட்டில் கேட்டால் ரி. எம். எஸ். பாட்டு என்பார்கள். அந்தக் குரலுக்கு அந்தப் புகழ் உரியதே. ஆனால் அம்பாளிடம் கெஞ்சுகிற அந்தச் சொற்கள் இணுவில் மா. த. ந. வீரமணி ஐயருடையவை. 1931இல் இங்கே பிறந்து, இளம் வயதில் சென்னைக்குப் போய், அடையாறு கலாக்ஷேத்திராவில் ருக்மணி தேவியின் கீழ் நடனமும் பாபநாசம் சிவனிடம் இசையும் கற்றவர் அவர். சிவனோ மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளைப் பாடிக்கொண்டே சுற்றி வந்தவர். கபாலியையும் கற்பகாம்பாளையும் வாழ்நாளெல்லாம் பாடியவர். அப்படிப்பட்ட ஆசிரியர் பாடிவைத்த தெய்வத்தை மாணவர் ஒருவர் மீண்டும் எடுத்துப் பாடுவதற்குத் துணிவு வேண்டும். அப்படிப் பாடி, அதை மயிலாப்பூரே தன் பாட்டாக எடுத்துக்கொள்ளும்படி செய்வதற்குத் துணிவு மட்டும் போதாது.

அந்தப் பாட்டின் கட்டமைப்பைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அது இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று இராகம் மாறும். ஒவ்வொரு சரணத்திலும் அந்தந்த இராகத்தின் பெயர் அம்பாளின் திருநாமமாக வந்து அமரும். இதை இராக முத்திரை என்பார்கள்; முத்துசுவாமி தீட்சிதர் பெரிதும் கையாண்ட முறை. செய்வது கடினம், கெடுப்பது எளிது. இராகப் பெயரை நுழைப்பதற்காக வாக்கியத்தை வளைத்து, எதுகைக்காக இன்னொரு முறை வளைத்து, கடைசியில் பொருளைத் தொலைத்துவிட்ட கீர்த்தனைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வீரமணி ஐயரிடம் வளைவே தெரியாது. இராகம் அறியாதவர் காதில் ஒரு பிள்ளை தாயிடம் முறையிடுவது மட்டும் விழும். அறிந்தவர் காதில் அந்த முறையீட்டுக்குள்ளேயே இராகத்தின் பெயரும் விழும். இரண்டு பேரும் குறையில்லாமல் வீடு திரும்புகிறார்கள். வெகுசனத்துக்கு எழுதுவதா, வித்துவான்களுக்கு எழுதுவதா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இந்த ஒரு பாட்டை எடுத்துவைத்துப் படிக்கலாம்.

கர்நாடக இசையின் தாய் இராகங்கள் 72. அத்தனையிலும் தமிழில் கீர்த்தனை செய்த முன்னோடி கோடீஸ்வர ஐயர். வீரமணி ஐயரும் அந்த 72 மேளகர்த்தாக்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் 40 விவாதி மேளங்கள். சுரங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பவை. பாடகர் பலர் தொடவே தயங்குபவை. சங்கராபரணத்திலும் கல்யாணியிலும் பாட்டுக் கட்டுவதற்கும் அவற்றில் கட்டுவதற்கும் உள்ள தூரம் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு ஒருவர் செய்து முடித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் அளித்தது. அந்தக் கீர்த்தனைகளில் எத்தனையை நம் பாடகர்கள் மேடையேற்றினார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இப்படி ஒருவர் இணுவிலில் தோன்றியதில் வியப்பில்லை. காங்கேசன்துறை வீதியில் கோண்டாவிலைத் தாண்டினால் தொடங்கி மருதனார்மடத்துக்குள் முடிந்துவிடும் ஊர் இது. செம்மண்ணும் புகையிலைத் தோட்டமும் கோயில்களும்தான் ஊர். கந்தசுவாமி கோயில், பரராசசேகரப் பிள்ளையார், சிவகாமி அம்மன் என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு கொடி ஏறி இருக்கும். கொடி ஏறினால் மேளம் வேண்டும். தவில் மேதை வி. தட்சணாமூர்த்தியின் தந்தை விசுவலிங்கம் இணுவில்காரர். பூங்காவனத்துக்குக் கச்சேரி வேண்டும். சுவாமியை ஊஞ்சலில் வைத்தால் திருவூஞ்சல் பாட வேண்டும். பக்கத்து ஊர்க் கோயிலின் ஊஞ்சலை இங்கே பாட முடியாது, ஒவ்வொரு மூர்த்திக்கும் தனித்தனியே எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே எழுதுகிறவருக்கு இங்கே எப்போதும் வேலை இருந்தது. பழைய காலத்தில் சின்னத்தம்பிப் புலவர் சிவகாமியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடியதும் நொண்டி நாடகம் எழுதியதும் இந்த மண்ணில்தான். ஒரே கை அம்மனுக்கும் எழுதும், கூத்துக்கும் எழுதும். வீரமணி ஐயர் அந்த வழியில் வந்தவர்.

கோயிலார் வந்து கேட்டால் கோயிலுக்கு, பாடசாலை கேட்டால் பாடசாலைக்கு, நடன ஆசிரியை கேட்டால் அவருடைய மாணவியின் அரங்கேற்றத்துக்கு என்று அவர் எழுதிக் கொடுத்தார். நடனம் கற்றவர் என்பதால் எந்த இடத்தில் சொல் நின்று கை பேச வேண்டும், எந்த இடத்தில் ஜதி விழ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாட்டிய நாடகங்களை எழுதிப் பிள்ளைகளைப் பழக்கி மேடையேற்றினார். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தார். இதன் பலன் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கலாசாலையில் படித்து வெளியேறுகிற ஒவ்வோர் ஆசிரியரும் ஏதோ ஒரு பாடசாலைக்குப் போகிறார். பாட்டுக் கொப்பியும் அவரோடு போகிறது. அடுத்த வருடம் அங்கே ஒரு கலைவிழாவில் அந்தப் பாட்டு ஏறுகிறது. இசைத்தட்டில் ஏறாத பாட்டு பரவிய வழி அதுதான். பெயர் உதிர்ந்த வழியும் அதுதான். கொப்பியில் இருந்து கொப்பிக்குப் பெயர்த்து எழுதும்போது பல்லவி தவறாது, தாளம் தவறாது. மூலையில் சிறிதாக எழுதிய பெயர் தவறிவிடும்.

பிறர் குரலுக்கும் பிறர் காலுக்கும் எழுதுகிறவருடைய வாழ்க்கை வேறு நாட்டில் எப்படி அமைகிறது என்று பார்ப்பது நல்லது. யப்பானில் அகிமோட்டோ யசுஷி என்றொருவர் இருக்கிறார். 1958இல் பிறந்தவர், பள்ளிக்கூட வயதிலேயே வானொலிக்கு எழுத வந்தவர். 1985இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உருவான ஒனியாங்கோ கிளப் என்ற பெண்பிள்ளைகள் குழுவுக்குப் பாட்டெழுதிப் பெயர் பெற்றார். 1989இல் அந்நாட்டின் பெரும் பாடகி மிசோரா ஹிபாரிக்கு, ஆற்றின் ஓட்டத்தை வாழ்க்கையாகக் காட்டும் ஒரு பாட்டை எழுதினார். அந்த ஆண்டு நடுவில் ஹிபாரி இறந்துபோக, அது யப்பானியர் மனதில் அவருடைய கடைசிப் பெரும் பாட்டாகத் தங்கிவிட்டது. பிறகு 2005 டிசம்பரில் ரோக்கியோவின் அகிஹபாரா பகுதியில், ஒரு கடைக் கட்டடத்தின் 8ஆம் மாடியில், ஏறத்தாழ 250 பேர் அமரும் அரங்கில் ஏ.கே.பி.48 என்ற குழுவைத் தொடங்கினார். முதல் நாள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் 7 பேர் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. சில ஆண்டுகளில் அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் பத்து இலட்சம் பத்து இலட்சமாக விற்றன. குழுவின் பாடல் வரிகளை எழுதியவர் அவர்.

அவருக்கு முன்னே 1997இல் மோர்னிங் முசுமே என்ற குழுவை உருவாக்கிச் சொல்லும் இசையும் எழுதிய சுங்கு, தானே ஒரு பாடகர். குரல்வளைப் புற்றுநோய்க்காக அவருடைய குரல் நாண்களை அகற்ற வேண்டி வந்தது. 2015 ஏப்ரலில், தான் படித்த கிங்கி பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர் விழாவில், அந்தச் செய்தியைத் திரையில் எழுத்தாகக் காட்டி உலகுக்கு அறிவித்தார். அந்த விழாவின் நிகழ்ச்சிகளை அமைத்தவரும் அவரே. தன் குரல் போன பின்பும் அவர் எழுதுகிறார், பிள்ளைகள் பாடுகிறார்கள்.

கண்ணுக்கு எட்டாத நட்சத்திரங்களை விட்டுவிட்டு, தினமும் போய்ப் பார்க்கக்கூடிய பிள்ளைகளை மேடையேற்றுவதே அகிமோட்டோவின் புதுமை என்பார்கள். அகிஹபாராவில் அது புதுமையாக இருக்கலாம். இங்கே மேடையில் ஆண்டாளாக வருகிற பிள்ளை அடுத்த வளவுப் பிள்ளை. நாளைக் காலை சைக்கிளில் பாடசாலைக்குப் போகும்போது எதிரே வருவாள். அந்த நெருக்கத்தை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அங்கே அந்த நெருக்கம் விற்பனைக்கு வந்தது. இசைத்தட்டு வாங்கினால் கைகுலுக்கலாம், வாக்குப் போடலாம் என்றானது. 2013இல் ஏ.கே.பி.48 பாடகி ஒருவர், ஆண் நண்பரோடு இருந்த செய்தி வெளியானதற்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்டார். எழுதுகிறவரும் நடத்துகிறவரும் ஒருவராக இருக்கும்போது அவர் கையில் சேரும் அதிகாரம் இளம்பெண்களின் வாழ்க்கையை எதுவரை நெருக்கும் என்பதற்கு அது சாட்சி. அந்த முறை நமக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு காரியத்தில் யப்பானியர் நம்மைவிட நேர்மையானவர்கள். தொலைக்காட்சியில் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் திரையில் வரும். 1939இல் தொடங்கிய இசை உரிமைச் சங்கம் பாட்டு ஒலிக்கும் இடங்களில் கட்டணம் வாங்கி எழுதியவருக்குச் சேர்க்கிறது. பாடுகிறவர் யாராக இருந்தாலும், எழுதியவர் இன்னார் என்பது அங்கே மறையாது. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் காலத்திலும் அவருக்குப் பின் 70 ஆண்டுகளும் படைப்பைக் காக்கிறது. தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையையும் தருகிறது. வீரமணி ஐயர் இறந்தது அதே 2003இல். அவர் பெயரைச் சொல்லாமல் அவர் பாட்டைப் பாடுகிறவர் மரியாதையை மட்டுமல்ல, சட்டத்தையும் மீறுகிறார். இணுவிலில் யாரும் இதற்காக நீதிமன்றம் போகப்போவதில்லை. மேடையில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் போதும்.

பெயரைச் சொல்ல வேண்டுமானால் எந்தப் பாட்டு அவருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நம் பெரிய குறை. அவர் எழுதியவை சிதறிக் கிடக்கின்றன. கும்பாபிஷேக மலர்களில், ஊஞ்சற் பாட்டுச் சிறுபுத்தகங்களில், பாடசாலை ஆண்டு மலர்களில், அந்தியேட்டி நினைவு மலர்களில், ஆசிரியைகளின் கொப்பிகளில். 1995 ஒக்டோபர் இறுதியில் போருக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது பாட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது அலுமாரி இருந்த வீடுகள் எத்தனை? தப்பியவற்றையும் கறையான் தின்கிறது. அவரிடம் நேரே கற்றவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பாட்டின் வரி தாளில் கிடைக்கலாம். எந்த இடத்தில் ஐயர் சங்கதியை நிறுத்தினார், எந்தச் சொல்லுக்கு எந்த அபிநயம் காட்டினார் என்பது அவர்களுடைய தொண்டையிலும் கையிலும்தான் இருக்கிறது.

மருதனார்மடத்தில் நுண்கலைப் பீடம் இருக்கிறது. அது இராமநாதன் இசைக் கல்லூரியாக இருந்த காலத்தில் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்தார். அந்த வளாகத்தில் இருந்து இணுவிலுக்கு நடந்தே வரலாம். ஆண்டுதோறும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு மாணவர் ஒரு கோயிலை எடுத்துக்கொண்டு, அந்தக் கோயிலுக்கு ஐயர் எழுதிய பாட்டுகளைச் சுரதாளக் குறிப்போடு பதிவு செய்தால் போதும். இன்னொருவர் அடுத்த கோயிலை எடுக்கட்டும். 72 மேளகர்த்தாக் கீர்த்தனைகளையும் வரிசையாகப் பாடும் ஒரு விழாவை, நாளுக்கு ஒரு சக்கரமாக, ஒரு சக்கரத்துக்கு 6 இராகமாக, 12 நாளில் நடத்தி முடிக்கலாம். ஊர்க் கோயில்களின் திருவிழா நாட்களைவிட இது அதிகமில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் மண்டபம் கட்டவும் கோபுரம் உயர்த்தவும் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஒரு மண்டபத்தின் தரைக்குப் பதிக்கும் கல்லின் செலவில் இந்தப் பதிவு முழுவதும் முடிந்துவிடும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் பட்டியலைத் தொடங்கியிருக்கிறோம். வீரமணி ஐயரின் பாட்டு உங்கள் வீட்டில் எந்த வடிவத்தில் இருந்தாலும், ஒரு தாளாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னால் படம் எடுத்துவிட்டு அப்போதே திருப்பித் தருவோம். எடுத்த படங்களை நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்போம். மூன்று விவரங்களைக் கூடவே எழுதித் தாருங்கள்: எந்த நிகழ்ச்சிக்கு எழுதியது, எந்த ஆண்டு, முதலில் பாடியவர் அல்லது ஆடியவர் யார். ஆண்டு நினைவில்லாவிட்டால் எந்தத் திருவிழா என்று எழுதினாலும் போதும். பாட்டு மட்டும் நினைவில் இருந்து, தாள் இல்லாதவர்கள் வந்து பாடிக்காட்டுங்கள், பதிவு செய்துகொள்வோம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.