ஆறுமணிக் குருவிக்கு ஐஎஸ்ஓ எவ்வளவு?

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள சவுக்கு மரத்தடியில் அந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். விடியும்போது கொஞ்ச நேரம், பொழுது சாயும்போது கொஞ்ச நேரம். அதனால்தான் அது ஆறுமணிக் குருவி. முதுகு பச்சை, சிறகில் ஒரு தீற்று நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து திரியும்.

அதைப் படம் பிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. குற்றம் குருவியுடையதல்ல. டிக்கோயா பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிற நான், கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்த ஒரு கெனன் கெமராவை, 55-250 மில்லிமீற்றர் லென்ஸோடு இரண்டாம் கையாக வாங்கியிருந்தேன். ‘ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளி விழும்’ என்று விற்றவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கெமராவின் ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் அந்த எண்ணை 100ஐ விட்டு அசைக்கவில்லை. அந்தி வெளிச்சத்தில், மரநிழலில், 100 வைத்தால் ஷட்டர் செக்கனில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து கிடக்கும். குருவியோ நின்ற இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டே இருப்பது. எனக்குக் கிடைத்ததெல்லாம் பச்சையும் சிவப்பும் கரைந்த சாயத் தண்ணீர். ஒருநாள் வெறுத்துப்போய் 3200க்கு ஏற்றினேன். எட்டில் ஒன்று, இருநூற்றைம்பதில் ஒன்றானது. புள்ளி விழுந்தது உண்மைதான். ஆனால் கண் தெரிந்தது, அலகில் ஒட்டியிருந்த ஈரமண்கூடத் தெரிந்தது.

அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவள். நான் குருவிக்குப் பின்னால் திரிவதைப் பார்த்துவிட்டு, “ஏன் புள்ள, அது ஓடி ஓடி நின்னு பாக்குற குருவி. நீ எதுக்குப் பின்னால ஓடுற? வர்ற எடத்துல குந்திக்க” என்றாள். எந்த யூரியூப் பாடத்திலும் எனக்குக் கிடைக்காத புத்தி அது.

‘நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கே 2021 வரை போராடின இடத்தில் உனக்குக் கெமரா கேட்கிறதா?’ என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக்கொரு கெமரா வாங்கச் சொல்லி நானும் எழுத வரவில்லை. ஆனால் பறவை பார்ப்பதே காசுக்காரர் வேலை என்று பிள்ளைகளிடம் நாமே சொல்லிவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் வந்த பெரிய வழிகாட்டி நூலை எழுதி, படமும் வரைந்தவர் ஜி.எம். ஹென்றி. அவர் 1891இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். துரை பங்களா முற்றத்தில் வந்த அதே குருவிதான் லயத்துப் பீலிக்கரைக்கும் வந்திருக்கும். பங்களாப் பிள்ளையின் நூல் கையில் இருக்கிறது. லயத்துப் பிள்ளை எழுதிய ஒன்றை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை.

கெமரா படிக்க எங்கள் மலைகளை விட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிய கரையில் கொக்கு நிற்கும். பின்னால் கரும்பச்சைத் தேயிலை. கெமராவுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைக்கும். கரும்பச்சையைக் கண்டதும் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு இறகில்லாத வெள்ளைக் கடதாசியாகிவிடும். அப்போது வெளிச்சத்தை ஒரு படி குறைக்க வேண்டும். பனி மூடிய காலையில் கதை தலைகீழ். எங்கும் வெள்ளை, கெமரா பயந்து இருட்டாக்கும், சவுக்குக் கிளையில் இருக்கும் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி கரித்துண்டாகும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். ஒருத்தி, “அப்ப கெமராவுக்கும் எங்க நெறம் புரியாதா டீச்சர்?” என்று கேட்டாள். பாடத்தில் இல்லாத கேள்வி. சிரித்து மழுப்பினேன்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஜனவரியில் போய்ப் பாருங்கள். பூச்செடிப் பக்கம் உள்ளூர்க் கூட்டம். பின்புறம் நாறும் ஓடைக்கரையில், கைநீள லென்ஸ்களோடு வெளிநாட்டார் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அவர்கள் தேடுவதில் ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். நெஞ்சில் செம்மை, அதன் ஓரத்தில் கறுப்பு. கைக்குள் அடங்கும் உடம்பு. காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைநாட்டுக்கும் நீலகிரிப் பக்கத்துக்கும் வருவது. இந்த இரண்டு இடங்களின் பெயரையும் சேர்த்துக் கேட்டபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் விழுந்து, தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்குப் போனவள். இங்கே எடுத்த அதே கொழுந்தை அங்கே எடுத்தாள். நான் அனுப்பிய ஈப்பிடிப்பான் படத்தை அத்தை மகள் வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, “இது எங்க ஊர்க் குருவியாச்சே” என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே பூங்காவில் ஒருவர் கைத்தொலைபேசியில் ஆறுமணிக் குருவியின் குரலை ஓடவிட்டு அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று குருவி தீனியை விட்டுப் பதறி ஓடி வருகிறது. இது எனக்குப் படம் எடுப்பதாகப் படவில்லை.

பாடசாலைக்கு ஒரு பழைய கெமரா போதும் என்பதுதான் என் வாதம். ஊரை விட்டுப் போய் நன்றாக இருக்கிற பழைய மாணவர்கள் பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் வாங்கும் காசில் பாதி ஆகும். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை கையெழுத்திட்டு வாங்கிப் போகட்டும், திங்கள் பத்துப் படமும் தோட்டத்தில் சொல்லும் குருவிப் பெயர்களுமாகக் கொண்டு வரட்டும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: மழைக் காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பயந்து நான் அரிசி வாளிக்குள் வைக்க, அரிசித் தூள் வளையத்துக்குள் புகுந்து, ஸூம் இன்றும் நறநறவென்கிறது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

போன சித்திரையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, தன் நிரையில் ஒரு தேயிலைச் செடியை விலக்கிக் காட்டினாள். உள்ளே கொண்டைக்குருவிக் கூடு, மூன்று முட்டை. கெமரா தோளில்தான் இருந்தது. மூடியைக் கழற்றினேன். மேலே சவுக்கில் ஒரு காகம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இலையை மூடிவிட்டு இறங்கிவிட்டோம். அடுத்த மூன்று சுற்றும் அம்மா அந்தச் செடியில் கை வைக்கவில்லை. கங்காணி திட்டினார். நான்காம் சுற்றில், வெட்டிவிட்டது போல் சமமாக இருந்த மலையில் அது ஒன்று மட்டும் ஒரு சாண் ஓங்கி நின்றது. கூடு காலியாக இருந்தது. அம்மா முற்றிய இலையை ஒடித்துக் கீழே போட்டுவிட்டு, கொழுந்தைக் கூடையில் போட்டாள்.