அவசரம் வேறு, வேகம் வேறு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் போன மாதம் காதில் விழுந்தது இது. ஏரியைப் பார்க்க வந்த ஒருவர் பக்கத்து சீட்காரரிடம் சொன்னார்: "இங்க யாருக்குமே அவசரம் கிடையாது சார். பட்டப்பகல்ல வலை தச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதான் ஊரு இப்படியே இருக்கு." பக்கத்து சீட்காரரும் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் குப்பங்களில் அவசரம் இல்லைதான். அதைக் குறை என்று நினைத்தாரே, அதுதான் தப்பு. வேகம், விரைவு, அவசரம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்.

முதலில் வார்த்தைகளைப் பிரித்து வைப்போம். வேகம் அளக்கக் கூடியது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லலாம். விரைவு என்பது செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாமல் செய்வது. பதற்றம் மனசில் நடப்பது; சும்மா உட்கார்ந்தபடியே பதறலாம். ஆத்திரம் என்றால் இன்று கோபம் என்றுதான் நினைப்போம். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்ற பழமொழியில் அது அவசரத்தையும் குறிக்கிறது. அகராதியில் இரண்டு பொருளும் உண்டு.

அவசரம் என்பது என்ன? ஒரு காரியத்துக்கு வேண்டிய படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதிப்பது. அடுப்பை நன்றாக எரியவிடுவது வேகம். வேகாத சோற்றை இறக்குவது அவசரம்.

இந்தச் சொல்லின் கதையும் சுவையானது. வடமொழியில் இது 'தக்க தருணம்'. மலையாளத்தில் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்புதான். தெலுங்கில் 'தேவை'. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. வடக்குக் கரையில் ஒருவர் 'அவசரம்' என்றால் எனக்கு இது வேண்டும் என்று பொருள்; தெற்குக் கரையில் சொன்னால் சீக்கிரம் ஆகட்டும் என்று பொருள். தமிழிலும் 'ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள் இல்லை' என்கிறோமே, அங்கே தேவை என்ற வாசனை அடிக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது அந்த வலை தைக்கிறவரிடம் வருவோம். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. சுத்து வலை போட்டு இறால் பிடிக்க நல்ல இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். யார் முதலில் ஓடிப்போய்ப் பிடிக்கிறாரோ அவருக்கு என்று விட்டால் தினமும் அடிதடிதான். அதனால் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். முறை இல்லாத நாளில் போகக் கூடாது.

ஆனால் முறை வந்த ராத்திரியில் போய்ப் பாருங்கள். நீர் வடியும்போதுதான் இறால் கடலை நோக்கி நகரும். வலை கட்டத் தாமதித்தால் அன்றைய வருமானம் போச்சு. இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், கழி ஊன்றி வலை கட்டுகிற அந்த வேகம் பஸ்ஸில் பேசியவருக்கும் வராது, எனக்கும் வராது. பகலில் வலை தைப்பவர் ராத்திரி தண்ணீரில் நின்றவர் ஐயா!

பாடு முறை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அது குறிப்பிட்ட குப்பங்களின், ஒரு சாதியின் ஆண்களுக்கே உரிமை தருகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறை நிஜமானது. ஆனால் அது 'யாருக்கு முறை' என்பதில் உள்ள குறை. முறை வேண்டும் என்பதே தப்பாகிவிடாது.

"மீன்பிடிப்புக்குச் சரி, நவீன உலகத்துக்கு ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. நம் நாட்டிலேயே அதிவேகமான பொருள் கிளம்புகிற இடம் அது. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருந்தபோது கோளாறு கண்டு நிறுத்தினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அவமானம் என்று நினைக்கவில்லை. சரிசெய்து ஜூலை 22 அன்று அனுப்பினார்கள். ராக்கெட்டுக்கு வேகம் உண்டு, அவசரம் கிடையாது.

அப்படியானால் அவசரம் யாருக்கு? நம் சட்டங்களைப் பாருங்கள். சட்டசபையில் விவாதிக்காமல் வருவதற்குப் பெயரே 'அவசரச் சட்டம்'. 1894-ம் வருட நில எடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில், அவசரம் என்று அரசு சொல்லிவிட்டால் நிலத்துக்காரரின் ஆட்சேபணையைக் கேட்கத் தேவையில்லை. தாண்டிக் குதிக்கிற படி எது என்று பார்த்தீர்களா? அடுத்தவர் பேச்சைக் கேட்பது! 2013-ல் வந்த புதிய சட்டம் அந்த அவசரத்தை ராணுவம், நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர் போன்றவற்றுக்குள் சுருக்கியது. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகம். அதை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெரிதாக்கும் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரிலும் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். இப்படிக் கூட்டம் தள்ளிப்போகும்போதெல்லாம் 'வளர்ச்சி தாமதமாகிறது' என்று ஒரு குரல் எழும். கேட்பது தாமதம் இல்லை. அது சோறு வேகிற நேரம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஏரியின் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுகிறது. அடைபட்டால் கடல் நீர் வராது, இறால் குஞ்சு வராது, படகு கடலுக்குப் போக முடியாது. இதைச் சரிசெய்யச் சொல்லி மீனவர்கள் பல வருடம் நடையாய் நடந்தார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் அவசரம் வரவில்லை. கோப்பு மெதுவாக, முறைப்படி, மேசை மேசையாகப் போனது.

ஆக, நம் ஊரில் இல்லாதது அவசரம் இல்லை. பணமுள்ளவரின் விருப்பத்துக்கு அவசரம் என்று பெயர். இல்லாதவரின் தேவைக்குப் பொறுமை என்று பெயர். வடக்குக் கரைக்காரர் சொல்கிற அர்த்தத்தில் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும். எது தேவையோ அது அவசரம். மற்றதெல்லாம் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

அந்த பஸ்காரரை மறுபடி பார்த்தால் ஒன்றுதான் கேட்பேன்: "சார், உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?"