எதையும் தின்னும் துவக்கு

கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கைக் கட்டுகிறவனை எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. "பாவம், வயலைக் காக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நான் சத்திரசிகிச்சை விடுதியில் மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவள். நெளுக்குளத்தில் குளத்துக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு. பன்றி கிளறிவிட்டுப் போன வயலில் அழுதிருக்கிறேன். கட்டுத்துவக்கு சிதைத்த கால்களுக்கு மருந்தும் கட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது பயிர்க் காவல் அல்ல.

ஒழுங்கான துப்பாக்கி கண்டதையும் தின்னாது. கனடாவில் இருக்கும் என் தம்பி மகன் அங்கே ஒரு சூட்டுக் கழகத்தில் உறுப்பினன். 2022 ஒக்டோபரில் அந்த நாடு கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்துவதற்கு முன்பே வாங்கியதை வைத்துப் பழகுகிறான். ஈயத்தில் வார்த்த பாரமான குண்டுகளைத் தேடித்தேடி வாங்குவானாம். "பாரம் மட்டும் பார்த்தாப் போதாது மாமி. மூக்கு சரியா இல்லையெண்டா மகசீனிலயிருந்து ஏறேக்க சிக்கிப்போடும்" என்றான். தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அப்படித்தான். குண்டின் நீளம், மூக்கின் வளைவு, ஈயத்தின் கடினம் எல்லாம் ஒத்து வரவேண்டும். சும்மா ஈயம் மெதுமை என்பதால் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து வார்க்கிறார்கள். பொருந்தாத குண்டைப் போட்டால் துப்பாக்கி இடையில் நின்றுவிடும்.

கட்டுத்துவக்குக்கு இந்தத் தெரிவு எதுவும் இல்லை. போட்டதையெல்லாம் தின்னும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் முழங்காலுக்குக் கீழே ஈயச் சன்னம், சைக்கிள் போல்ஸ், வெட்டிய ஆணித்துண்டு எல்லாம் எலும்புச் சிதறலோடு கலந்து தெரியும். பன்றியின் உயரத்துக்குக் கட்டியது மனிதருக்குக் காலில்தான் படும். மண்ணும் கரிமருந்தும் சாறத் துணியும் சதைக்குள் போயிருக்கும். கழுவிக் கழுவி எடுக்கவேண்டும். ஏற்பு ஊசி போடவேண்டும். அதற்குப் பிறகும் சீழ் பிடித்துக் காலை எடுக்க வேண்டிவரலாம்.

அதைவிடக் கொடுமை, பிந்தி வருவது. பொலிஸ் கேட்கும் என்ற பயத்தில் வீட்டில் துணியைச் சுற்றி வைத்திருந்துவிட்டு, காய்ச்சல் வந்த பிறகு கொண்டுவருவார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் "ரக்டரில அடிபட்டது" என்பார்கள். ரக்டர் அடித்த காலுக்குள் சன்னம் எப்படி வந்தது என்று நாங்களும் கேட்பதில்லை. வந்தவர்களில் விறகுக்குப் போனவர் உண்டு, மாடு தேடிப் போனவர் உண்டு, பாலைப்பழம் பிடுங்கப் போன பிள்ளையும் உண்டு.

வன்னியில் இருக்கும் நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மிதிவெடிக்கு வைத்தவன் யார், மிதித்தவன் யார் என்று தெரியாது. கட்டுத்துவக்கும் அப்படியே. விசையை இழுப்பது காயப்படுகிறவரின் கால்தான். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள், பெண்கள் உட்பட, வெயிலில் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுத்தார்கள். அப்படி மீட்ட காட்டில் நாமே திரும்பவும் கம்பி கட்டலாமா?

"பன்றிக்கு வேறென்ன வழி?" என்ற கேள்வி நியாயமானது. ஒரு இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். ஆனால் கட்டுத்துவக்கு எங்கே கட்டப்படுகிறது என்று பாருங்கள். வயல் வரம்பில் கட்டுவது குறைவு. காட்டுக்குள், விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில்தான் கட்டுகிறார்கள். அங்கே விழுவது நெல் தின்ற பன்றி மட்டுமல்ல, மானும் மரையும். அது இறைச்சி வியாபாரம். வாங்குகிறவர்கள் நாம்.

அந்த இறைச்சியிலும் ஈயம் இருக்கிறது. சன்னம் எலும்பில் பட்டு உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சதைக்குள் பரவும். கழுவினாலும் சமைத்தாலும் ஈயம் போகாது. பிள்ளைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டென்மார்க் 1996இலேயே வேட்டைக்கு ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. நாமோ "காட்டிறைச்சி உடம்புக்கு நல்லது" என்று பிள்ளையின் கோப்பையில் கூடப் போடுகிறோம்.

விவசாயிக்குத் துவக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916இலிருந்து இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் துவக்குக்கு ஆள் பெயர் உண்டு, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இருட்டில் அசைவது பன்றியா மனிதனா என்று பார்க்க விசையில் விரல் வைத்தவனுக்குக் கண் உண்டு, தவறினால் பதில் சொல்ல வாயும் உண்டு. ஆனால் எண்பதுகளில் இயக்கங்கள் வீடு வீடாகத் துவக்கு வாங்கிப்போன மண் இது. அதன்பின் துவக்கு என்றாலே சந்தேகம். உண்மையான கமக்காரன் விண்ணப்பத்தோடு கந்தோர் கந்தோராக அலைகிறான். கள்ளமாகக் கட்டுகிறவன் எந்தக் கந்தோருக்கும் போவதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை பெரிதல்ல. வயலுக்குச் சொந்தக்காரரின் விண்ணப்பத்தை மாவட்டச் செயலகமும் பொலிஸும் நாள் குறித்து முடிக்கட்டும். ஒரு வயல்வெளிக்கு ஓரிரு அனுமதித் துவக்கும் முறை வைத்துக் காவலும் போதும், வீட்டுக்கொன்று வேண்டாம். காயத்தோடு வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, விசாரணை பிறகு என்று பொலிஸ் பகிரங்கமாகச் சொல்லட்டும், கால்கள் தப்பும்.

மிச்சம் நம்மிடம். வாய்க்கால் துப்புரவுக்கு வராதவனுக்குக் கமக்காரர் அமைப்பு தண்டம் போடுகிறது. காட்டில் கட்டுத்துவக்கு கட்டுகிறவன் யாரென்று அதே கூட்டத்தில் இருக்கும் பாதிப்பேருக்குத் தெரியும், வாய் திறப்பதில்லை. வருகிற காலபோகக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதிக்கு அடுத்த விடயமாக இதை எடுங்கள். கட்டியவன் கழற்ற ஒரு கிழமை கொடுங்கள். கழற்றாவிட்டால் பெயரைப் பொலிஸில் கொடுங்கள். யார் கொடுப்பது என்று தயங்கினால், என் பெயரை முதலில் எழுதுங்கள்.