ஓங்கில் எப்படிச் சாப்பிடுகிறது?

ஓங்கில் எனப்படும் டால்பின் பற்றிய பாடம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. துடுப்பு, வால், மூக்குத்துளை என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதச் சொல்கிறோம். ‘டால்பின் மீன் அல்ல, பாலூட்டி’ என்ற வரியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பார்க்க மீனாகவே இருப்பது ஏன் மீன் இல்லை என்று கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வரி பதில் சொல்வதில்லை. உறுப்புகளின் பெயரை ஒத்திவைத்து, இது எப்படிச் சாப்பிடுகிறது என்ற கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். பசியும் சாப்பாடும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி; உடலமைப்பு முழுவதும் அங்கிருந்தே விளங்கிவிடும்.

முதலில் பல். நம் வாயில் வெட்ட, கிழிக்க, அரைக்கத் தனித்தனிப் பற்கள் உண்டு. கடலில் வாழும் புட்டிமூக்கு டால்பினுக்கு 80 முதல் 100 பற்கள் வரை இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரிக் கூம்புப் பற்கள். வழுக்கும் மீனைக் கவ்விப் பிடிக்கத்தான் அவை உதவும், மெல்ல உதவாது. அதனால் மீனை முழுசாக, பெரும்பாலும் தலைப்பக்கமாக விழுங்குகிறது. அப்போதுதான் செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தாது. வாய் செய்யாத வேலையைப் பல அறைகள் கொண்ட இரைப்பை செய்கிறது. அடுத்து, இருட்டிலும் கலங்கிய நீரிலும் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? விட்டுவிட்டு ஒலி எழுப்புகிறது. நெற்றியிலுள்ள கொழுப்புத் திரட்சி அதைக் குவித்து அனுப்புகிறது. திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கிச் செவிக்குக் கடத்துகிறது. நம் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினுக்குக் கண்ணில் லென்ஸே கிடையாது. அது ஒலியை நம்பித்தான் இரை தேடுகிறது. எவ்வளவு ஆழத்துக்கு இரையைத் துரத்தினாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மூக்குத்துளை தலையின் உச்சியில் இருப்பது அதற்காகத்தான். குட்டி தாயிடம் பால் குடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், ‘பாலூட்டி’ என்ற முடிவுக்குப் பிள்ளையே வந்துவிடும்.

எதிரொலி போன்றவை சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று சிலர் சொல்வார்கள். காலி அறையில் கைதட்டிக் கேட்ட பிள்ளைக்கு எதிரொலி புதிதல்ல. கடினமான கலைச்சொல்லைத்தான் தள்ளிப்போட வேண்டும், கருத்தை அல்ல. உயிருள்ள மீனை விழுங்குவதைச் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். வீட்டில் மீன் ஆய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். மீன் சமைக்காத வீட்டிலும் பல்லி பூச்சி பிடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தே இருப்பார்கள். எப்போதும் சிரிக்கும் தோழனாக டால்பினைக் காட்டுவதுதான் உண்மையில் தீங்கு. அந்தச் ‘சிரிப்பு’ தாடையின் வடிவம். வலியில் துடித்தாலும் முகம் அப்படியே இருக்கும். டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று 2013இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதன் நியாயம், இதை அறிந்து வளரும் பிள்ளைக்கு எளிதில் புரியும். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் காரணம் தெரியாமல் படித்த பெயர்கள் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். மறுபடி கற்பிக்கத்தான் கூடுதல் நேரம் வேண்டும்.

நம் மீனவர்கள் ஓங்கில் என்றழைக்கும் இவ்விலங்கு மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் படத்தின் கீழே உறுப்பின் பெயரைக் கேட்பதற்கு முன், ‘இது ஏன் மீனை மெல்லாமல் விழுங்குகிறது?’ என்று கேட்கட்டும்.