குளிர வைத்தால் வயிறு குறையுமா?

போன வாரம் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மடியில் குழந்தையோடு ஓர் இளம்பெண். விக்கிரவாண்டி வருவதற்குள் அவள் கதை பாதி தெரிந்துவிட்டது. சிசேரியன் ஆகி எட்டு மாதமாம். "வயிறு மட்டும் எறங்கவே இல்லக்கா. மறுபடியும் முழுகாம இருக்கியான்னு ஒருத்தி கேட்டுட்டா" என்று கண் கலங்கினாள். கத்தி வைக்காமல் கொழுப்பை உறைய வைத்துக் கரைக்கும் மெஷினைப் பற்றி செல்போனில் பார்த்திருக்கிறாள். இரண்டு வளையலை அடகு வைக்கத்தான் விழுப்புரம் பயணம். வீட்டுக்காரருக்குத் தெரியாது!

அந்த மெஷின் பொய்யில்லை, சகோதரிகளே. குச்சி ஐஸ் வைத்த ஒரு பச்சைக்குழந்தையின் கன்னம் சிவந்து தடித்து, அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கெட்டுப்போனதை 1970-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தோலைவிடக் கொழுப்பு குளிர் தாங்காது என்பதுதான் சூட்சுமம். பிற்பாடு பாஸ்டன் நகரில் மான்ஸ்டீன், ஆண்டர்சன் என்ற இரு டாக்டர்கள் இதையே சிகிச்சையாக்கினார்கள். 2010-ல் இடுப்பின் பக்கச் சதைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சதையை உறிஞ்சிப் பிடித்து, குளிர்ந்த தகடுகளுக்கு நடுவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் வைப்பார்கள். செத்த கொழுப்பை உடம்பே மெல்ல வெளியேற்றும். இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடத்துக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். அவ்வளவுதான். உடம்பு எடை குறையாது. அதற்காக வீட்டில் ஐஸ் கட்டியை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் வெந்துபோகும்!

விரலால் கிள்ளினால் பிடிபடுகிற கொழுப்புதான் மெஷினுக்கும் பிடிபடும். குடலைச் சுற்றி உள்ளே படிந்து சர்க்கரை வியாதிக்கு வழி வைக்கிற கொழுப்பை அது தொடாது. அதைவிட முக்கியம், பிள்ளை பெற்ற வயிறு தள்ளி நிற்பதற்குப் பல சமயம் கொழுப்பே காரணமில்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசைகள் விலகி, சிலருக்குப் பிறகு சேராமலே இருந்துவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு உரிய பயிற்சிகள் உண்டு. எத்தனை குளிர வைத்தாலும் தசை சேராது. சிசேரியன் தழும்பில் குடலிறக்கம் இருந்தால் அங்கே மெஷின் படவே கூடாது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடித்துப் போகிற உடம்புக்கும் ஆகாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போடுவதே வழக்கம்.

அபூர்வமாக, கரைய வேண்டிய கொழுப்பு கெட்டியாகி வளர்ந்துவிடுவதும் உண்டு. உலகப் புகழ் பெற்ற மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதை 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். அது தானாக வற்றாது. கத்தி வேண்டாம் என்று போனவர்கள் கத்திக்கே வர வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடிக்கும்போது முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. வளையலைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் இறங்கும்போது, "அடுத்த மாசம் புதன்கிழமை பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போடப் போவேன். அப்பவே டாக்டரம்மாகிட்ட வயித்தையும் காட்டிடறேன்க்கா" என்றாள். "அடுத்த மாதம் எதற்கு? நாளைக்கே போ" என்றேன்.