பத்தாம் வகுப்புக்கு மைதானம் வேண்டாமா?

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்பார்கள் நம் முன்னோர். விளையாட்டைப் புகழ்கிறவர்கள் உடல்நலம் என்னும் சுவரோடு நின்றுவிடுகிறார்கள். நற்குணம் என்னும் சித்திரத்தையும் விளையாட்டே எழுதுகிறது என்பது என் கருத்து.

மாலையானால் மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்துக் கடற்கரைகளில் ஆண்பிள்ளைகள் பந்து உதைப்பதைக் காண்கிறோம். பெண்பிள்ளைகளில் பலரோ ஒன்பதாம் வகுப்போடு விளையாட்டுக்கு விடை கொடுத்துவிடுகிறோம். “இனி படிப்பைப் பாரு மக்களே” என்கிறார்கள் வீட்டில். உடற்பயிற்சிப் பாடவேளையும் பல இடங்களில் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. எல்லாம் நம் நன்மைக்காகத்தான். ஆனால் படிப்புக்கு வேண்டிய உழைப்பை எங்கே பழகுவது?

மைதானத்தில் பார்த்து எழுத வழியில்லை. இடது காலால் பந்தை உதைக்கத் தெரியாதவள் நூறு முறை உதைத்துத்தான் பழக வேண்டும். கோல் போட்டவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். பந்தைத் தடுத்துக் கொடுத்தவளை யாரும் கவனிப்பதில்லை. ஆயினும் அவள் மறுநாளும் தடுக்கிறாள். பாராட்டை எதிர்பாராமல் கடமையைச் செய்யும் பண்பு அங்கேதான் வேர்விடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது நம் குளச்சலைப் போலவே கடலூர்க் கரையும் கண்ணீர் வடித்தது. அந்தக் கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், சுனாமியில் பெற்றோரை இழந்த சிறுமியருக்கும் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அவ்வூர்ப் பெண்கள் தமிழக அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார்கள். 2018இல் கட்டாக்கில், பல முறை வாகை சூடிய மணிப்பூரை 2–1 என வென்று தமிழகப் பெண்கள் தேசியக் கோப்பையைப் பெற்றனர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றனர். கடலூர் வீராங்கனை இந்துமதி கதிரேசன், 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகப் பணியாற்றினார். மைதானத்தில் பழகிய உழைப்பு வேலைக்கும் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விளையாடினால் மட்டும் நற்குணம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எப்படியாவது வெல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வஞ்சகத்தையும் கற்பார்கள். நடுவரின் தீர்ப்புக்குப் பணிவதும், தோற்றபின் எதிரணியோடு கைகுலுக்குவதும் சொல்லித்தர வேண்டியவை. பந்தயத்தில் ஓடுகிறவர்கள் எல்லாவற்றிலும் தம்மை அடக்கிக்கொள்கிறார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பரும் அந்தத் தன்னடக்கத்தையே எடுத்துக்காட்டினார்.

எனவே பெற்றோரே, அருட்சகோதரிகளே, எங்களுக்குக் கோப்பைகள் வேண்டும் என்று கேட்கவில்லை. பத்தாம் வகுப்பின் உடற்பயிற்சிப் பாடவேளையை எங்களுக்கே விட்டுவிடுங்கள். தோழியரே, அந்த நேரத்தை மர நிழலில் கதை பேசிக் கழிக்காதீர்கள். வியர்வை சிந்திவிட்டுப் புத்தகத்தைத் திறப்போம். பொதுத்தேர்வு ஓராண்டில் முடிந்துவிடும்; மைதானம் தரும் குணம் ஆயுள் முழுதும் உடன்வரும்.

— பத்தாம் வகுப்பு மாணவி